சோளச் செடியின் உயரம்: பரம்பரையலகுகளும் தோட்டத்துத் தெரிவும் — அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்து வலிகாமத்தின் செம்மண்ணில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இடைப்பட்ட காலத்தில் சோளம் போடும் கமக்காரர்களும், உயர்தரத்தில் விவசாய விஞ்ஞானம் படிக்கும் மாணவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. இரு தரப்பாரும் வெவ்வேறு வாசலால் வந்தாலும் ஒரே இடத்துக்குத்தான் வருகிறார்கள்: செடி ஏன் இந்த உயரம் வளர்கிறது, அதை நாம் மாற்ற முடியுமா? இங்கே சோளம் என்பது பொத்தி போடும் சோளம். இந்தியத் தமிழர் அதை மக்காச்சோளம் என்பார்கள். அவர்கள் சோளம் என்பதை நாம் இறுங்கு என்கிறோம்.

சோளத்தின் உயரத்தைத் தீர்மானிப்பது ஒரு பரம்பரையலகா, பலவா?

பல. மிகப் பல. (பரம்பரையலகு என்பதை மரபணு என்றும் சொல்வார்கள்.) பரம்பரையலகுகளைத் தாங்கும் இழைகளான நிறமூர்த்தங்கள் சோளத்தில் 10 சோடி; அவை எல்லாவற்றிலும் உயரத்துக்குப் பங்களிக்கும் இடங்கள் பரந்து கிடக்கின்றன. இதை உறுதியாகக் காட்டியது அமெரிக்க ஆய்வாளர்கள் உருவாக்கிய ஒரு பெரிய கலப்புத் தொகுதி. உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த 25 தூய வழிகளை (பல தலைமுறை தன்மகரந்தச் சேர்க்கையால் மாறாமல் ஒரேமாதிரி வரும் செடி வழிகளை) எடுத்து, ஒவ்வொன்றையும் பி73 என்ற ஒரே வழியுடன் கலந்து, அவற்றின் சந்ததிகளிலிருந்து சுமார் 5000 புதிய தூய வழிகளை உண்டாக்கினார்கள். அவற்றின் உயரத்தை ஆராய்ந்த முடிவு 2014இல் வெளிவந்தது. தனியொரு இடம் உயர வேறுபாட்டில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குக்கு மேல் விளக்கவில்லை. ஓரிடம் ஒரு சென்ரிமீற்றர் கூட்டும், இன்னோரிடம் அரைச் சென்ரிமீற்றர் குறைக்கும். அவை எல்லாம் சேர்ந்துதான் இரண்டரை மீற்றர்ச் செடி நிற்கிறது.

"உயரத்துக்கான பரம்பரையலகைக் கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று எங்காவது படித்தால், அது ஒரு குள்ள விகாரத்தை, அதாவது தனியொரு பரம்பரையலகு மாறிச் செடி குள்ளமாவதைப் பற்றிய செய்தியாகவே பெரும்பாலும் இருக்கும். தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்துச் செடிகளுக்கு இடையே நாம் காணும் அரையடி, ஓரடி வேறுபாடு வேறு கதை.

மெண்டலின் பட்டாணியில் நெட்டைக்கும் குட்டைக்கும் 3:1 விகிதம் வந்ததே? சோளத்துக்கு அந்த விதி பொருந்தாதா?

பொருந்தும். பட்டாணியைக் கலந்து பரம்பரை விதிகளைக் கண்டறிந்த மெண்டல் எடுத்துக்கொண்டது ஒரு பெரிய விகாரத்தை. பட்டாணியின் நெட்டை, குட்டைத் தன்மைக்குக் காரணமான பரம்பரையலகு என்ன வேலை செய்கிறது என்பது 1997இல் தெரியவந்தது: கிபரெலின் என்ற வளர்ச்சி ஓமோன் செயற்படு வடிவத்துக்கு மாறும் கடைசிப் படியை நடத்தும் நொதியத்தை அது ஆக்குகிறது. அந்த நொதியம் பழுதானால் கணுவிடை நீளாது. சோளத்தில் டி1 எனப்படும் குள்ள விகாரத்திலும் பழுதாகியிருப்பது இதே வேலையைச் செய்யும் நொதியந்தான். டி1 குள்ளனை ஒரு சாதாரண சோளத்துடன் கலந்து, பிறந்த செடிகளைத் தன்மகரந்தச் சேர்க்கைக்கு உட்படுத்தினால், அடுத்த தலைமுறையில் மெண்டலின் 3:1 அப்படியே கிடைக்கும்.

ஆனால் அந்த "மூன்று பங்கு" நெட்டைகளை அளந்து பாருங்கள். அவற்றுக்குள்ளேயும் உயரம் ஒன்றுபோல் இராது. அந்த வேறுபாட்டை உண்டாக்குவது மற்றைய சிறு விளைவுப் பரம்பரையலகுகளும் சூழலும். மெண்டலின் விதிப்படி நடக்கும் பல காரணிகள் ஒன்றாகச் சேரும்போது படிப்படியான, தொடர்ச்சியான வேறுபாடு உண்டாகும் என்பதைப் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1918இலேயே கணித முறையில் காட்டிவிட்டார். மாணவர்கள் இதைத் தாங்களே செய்து பார்க்கலாம். ஐந்து நாணயங்களைச் சேர்த்துச் சுண்டி, தலை விழுந்தவற்றின் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டே போனால், நடுவில் குவிந்து இரு பக்கமும் தேயும் வரைபு தானாக வரும்.

குள்ளச் சோளங்கள் எல்லாம் ஒரே காரணத்தால் குள்ளமாகின்றனவா?

இல்லை. இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

முதல் கூட்டம் கிபரெலின் குறைவானவை. டி1, டி3, டி5 ஆகிய விகாரங்கள் இதில் அடங்கும். ஒவ்வொன்றிலும் கிபரெலின் உற்பத்தியின் வெவ்வேறு படி தடைப்பட்டிருக்கிறது. பேர்னாட் ஃபினி என்ற அமெரிக்கத் தாவர உடற்றொழிலியலாளர் இந்தக் குள்ளச் செடிகளுக்குக் கிபரெலினை வெளியிலிருந்து கொடுத்தபோது அவை சாதாரணச் செடிகள்போல் நீண்டு வளர்ந்தன. 1956இல் அவர் வெளியிட்ட இந்த முடிவு, கிபரெலின் தாவரத்தின் சொந்த ஓமோன் என்று கருதுவதற்கு வலுவான சான்றானது. இக்குள்ளர்களிடம் இன்னொரு விந்தையும் உண்டு. பெண் பூக்கள் மாத்திரம் இருக்கவேண்டிய பொத்தியில் மகரந்தக்கூடுகள் முளைத்திருக்கும். பொத்தியில் ஆண் உறுப்புகளை அடக்கி வைப்பதும் கிபரெலினின் வேலை என்பதே காரணம்.

இரண்டாவது கூட்டம் கிபரெலின் இருந்தும் கேளாதவை. டி8, டி9 ஆகியவை ஆட்சியுடைய விகாரங்கள். ஒரு பிரதி இருந்தாலே செடி குறுகிவிடும். இவற்றுக்கு எவ்வளவு கிபரெலின் தெளித்தாலும் பயன் இல்லை. வளர்ச்சியைத் தடுத்துவைக்கும் ஒரு புரதத்தைக் கிபரெலின் அகற்றவேண்டும். விகாரமடைந்த புரதம் அகல மறுக்கிறது. ஆகவே ஒரு குள்ளச் செடி எந்தக் கூட்டம் என்று அறிய வேண்டுமானால், கிபரெலின் தெளித்துப் பார்ப்பதே எளிய சோதனை. உயர்தர மாணவர்களுக்கு இந்த ஒரு பரிசோதனையை விளங்கவைத்துவிட்டால் ஓமோன் பற்றிய ஓர் அத்தியாயம் முழுவதும் தெளிந்துவிடும்.

மூன்றாவது, பிரக்கிடிக்-2 எனப்படுவது. இதில் ஒட்சின் ஓமோன் தண்டு வழியே கீழிறங்கும் பாதை பழுதாகியிருக்கிறது. பொத்திக்குக் கீழுள்ள கணுவிடைகள் அதிகமாகக் குறுகுகின்றன; மேற்பகுதி அவ்வளவாகக் குறுகுவதில்லை. இனவிருத்தியாளர்கள் இதன்மீது கண் வைத்திருப்பதற்கு அதுவே காரணம். இறுங்கில் டிடபிள்யூ3 எனப்படும் குள்ளப் பரம்பரையலகும் இதே பரம்பரையலகின் இறுங்கு வடிவந்தான். இறுங்கில் அந்த விகாரம் நிலையற்றது. பரம்பரையலகின் ஒரு துண்டு அடுத்தடுத்து இருமுறை வந்திருப்பதால், சிலவேளை அது சரியாகிவிட, குட்டை இறுங்கு வயலின் நடுவே ஓர் உயரச் செடி தலைநீட்டும். 2003இல் இந்த இரண்டையும் இணைத்து விளக்கினார்கள்.

நானா எனப்படும் குள்ளச் சோளத்தில் பிரசினோஸ்டெரொயிட் ஓமோன் குறைவு. அதுவும் இவ்வரிசையில் சேரும்.

செடியின் உயரம் எந்த வயதில் முடிவாகிறது?

இரண்டு கட்டங்களில். உயரம் என்பது கணுக்களின் எண்ணிக்கையும் கணுவிடைகளின் நீளமும் சேர்ந்தது. எத்தனை கணு என்பது மிக இளவயதிலேயே தீர்ந்துவிடும்.

ஐந்தாறு இலை முழுமையாக விரிந்த ஒரு செடியை வேருடன் கிளப்பி, கூரிய கத்தியால் தண்டை நெடுக்காகப் பிளந்து பாருங்கள். வெளியே நாம் காண்பது பெரும்பாலும் இலை மடல்களின் சுருட்டு. உண்மையான தண்டு அடியில் ஓர் அங்குலம்கூட இராது. அதில் கணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கும். அதன் நுனியில் வெண்ணிற வளர்முனை மண்மட்டத்தை அண்டி நிற்கும். கைவில்லை இருந்தால், அந்த வளர்முனை இலை உண்டாக்குவதை நிறுத்தி ஆண் பூந்துணராக மாறத் தொடங்குவதையும் காணலாம். அந்தக் கணத்தில் கணுக்களின் எண்ணிக்கை முடிந்துவிட்டது. இனி அவை நீளுவது மட்டுமே மிச்சம்.

அதற்கு முன் ஆடு வந்து இலையைக் கடித்துவிட்டால் பதறவேண்டாம். வளர்முனை மண்ணுக்குள் பத்திரமாக இருப்பதால் செடி மீண்டுவிடும். வளர்முனை மேலெழுந்த பின்னர் அது கடிபட்டாலோ, 2018 முதல் நம் நாட்டில் வந்திருக்கும் படைப்புழு குருத்தின் அடிவரை குடைந்துவிட்டாலோ, அந்தச் செடியின் உயரம் அதோடு நின்றது.

கணுவிடை நீளும் வாரங்களில் இறைப்புத் தவறினால் பரம்பரையலகுகள் எவ்வளவு நல்லவையாக இருந்தாலும் செடி குறுகும். அதன்பின் வாரி இறைத்தாலும், நீண்டு முடிந்த கணுவிடை மறுபடி நீளாது. அதனால்தான் ஒரே செடியின் கணுவிடைகளைக் கீழிருந்து மேலாகப் பார்த்தால் எந்தக் கிழமையில் தண்ணீர் குறைந்தது என்றுகூடச் சொல்லிவிடலாம்.

நெல்லையும் கோதுமையையும் குட்டையாக்கித்தானே பசுமைப் புரட்சி நடந்தது? சோளத்தில் ஏன் அப்படி நடக்கவில்லை?

1966இல் வெளியான ஐஆர்8 நெல்லில் கிபரெலின் ஆக்கத்தைக் குறைக்கும் பரம்பரையலகு இருந்தது. ஜப்பானின் நோரின்-10 கோதுமையிலிருந்து கோதுமை இனவிருத்தியாளர் நோர்மன் போர்லாக் போன்றோர் எடுத்த குட்டைத் தன்மை, கிபரெலினைக் கேளாத வகை. சோளத்தின் டி8உம் கோதுமையின் அந்தக் குட்டைப் பரம்பரையலகும் ஒரே மூதாதைப் பரம்பரையலகின் வடிவங்கள் என்று 1999இல் நிறுவினார்கள். ஆக, சோளத்திலும் அதே திறப்பு இருந்தது. போட்டுத் திறந்தபோது பயன் வரவில்லை.

நெல்லின் கதிர் செடியின் உச்சியில் இருக்கிறது. யூரியா போட்டால் நெட்டை நெல் உச்சிப் பாரத்தால் சாயும், குட்டையாக்கினால் சாயாது, ஆகவே கூடுதல் பசளையை விளைச்சலாக மாற்றலாம். சோளத்தின் பொத்தியோ தண்டின் நடுவில் இருக்கிறது. டி1, டி8 போன்ற வலிய விகாரங்கள் செடியைக் குறுக்கும்போது இலைகளும் ஒன்றன்மேல் ஒன்று அடர்ந்து கீழிலைகளுக்கு வெயில் படாமற் போகிறது, பொத்தியும் சிறுக்கிறது.

அமெரிக்காவில் சோள விளைச்சல் பலமடங்கு உயர்ந்தது வேறு வழியில். 1930களில் ஹெக்டேயருக்கு ஏறத்தாழ 30,000 செடி நின்ற இடத்தில் இன்று 80,000 அளவில் நிற்கின்றன. செடிக்கு எவ்வளவு விளைகிறது என்பது பெரிதாக மாறவில்லை. நெருக்கத்தைத் தாங்கும் ஆற்றல்தான் மாறியது. இலைகள் நிமிர்ந்தன, ஆண் பூந்துணர் சிறுத்தது, வேரும் தண்டும் உறுதியாயின. உயரம் அதிகம் மாறவில்லை.

வெப்பவலயச் சோளத்தின் கதையோ வேறு. மெக்சிகோவிலுள்ள சிமிட் என்ற சர்வதேச சோள, கோதுமை மேம்பாட்டு நிலையம், டுக்ஸ்பெனோ என்ற மிக உயர்ந்த தாழ்நிலச் சோளக் குடித்தொகையில், எந்தக் குள்ள விகாரத்தையும் சேர்க்காமல், குட்டையான குடும்பங்களையே தெரிந்தெடுத்துத் தங்களுக்குள் கலக்கும் வேலையை 15 சுற்றுகள் செய்தது. 1986இல் வந்த அறிக்கையின்படி உயரம் சுமார் 280 சென்ரிமீற்றரிலிருந்து 180 சென்ரிமீற்றர் அளவுக்கு இறங்கியது, சாய்வு குறைந்தது, நெருக்கி நடக்கூடியதாயிற்று, விளைச்சல் கூடியது. சிறு சிறு விளைவுள்ள பரம்பரையலகுகளை மட்டும் கொண்டு ஒரு மீற்றர் குறைத்திருக்கிறார்கள். இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை: நம் போன்ற வெப்பவலய நாடுகளில் உயரத்தைக் குறைப்பது பயனுள்ளது, அதற்குப் பொறுமையான தெரிவே போதும்.

எங்கள் தோட்டங்களுக்கு எந்த உயரம் நல்லது?

கேள்வியைக் கொஞ்சம் திருப்புகிறேன். உச்சி எவ்வளவு உயரம் என்பதை விட, பொத்தி எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் ஒரேயொரு விடயத்தை நினைவில் வைத்திருப்பதானால் இதை வையுங்கள்.

செடியைச் சாய்ப்பது காற்று மட்டுமல்ல. முற்றிய பொத்தியின் பாரமும் அது அடியிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் சாய்க்கின்றன. 250 சென்ரிமீற்றர் செடியில் 150இல் பொத்தி இருந்தால், அதே உயரச் செடியில் 100இல் பொத்தி இருப்பதைவிட அது எளிதில் சாயும். பொத்தி செடியின் அரைவாசி உயரத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ இருப்பது நல்லது. பொத்திக்கு மேலுள்ள இலைகளே மணி நிரம்புவதற்கு அதிகம் உழைப்பவை. ஆகையால் மேற்பகுதியைக் குறுக்கிக் கீழ்ப்பகுதியை நீளவிடுவது தலைகீழான வேலை.

நம்மிடம் காற்றுக்குப் பஞ்சமில்லை. சிறுபோகத்தில் தென்மேற்குக் காற்றான சோழகம் மாதக்கணக்கில் ஓயாமல் வீசும். பெரும்போகத்தில் வடகீழ்ப் பருவ மழையோடு புயலும் வரும். 2008 நவம்பரில் நிஷாவும் 2020 டிசம்பரில் புரெவியும் வந்ததை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். சோழகத்தில் பெரும்பாலும் செடி வளையும். மாரியில், ஊறிய மண்ணில் வேரோடு சாயும். வேர்ச் சாய்வுக்குப் பொத்தி உயரத்தைக் குறைப்பது மட்டும் போதாது. அடிக்கணுக்களிலிருந்து மிண்டி வேர் நன்றாக விடும் செடிகளைத் தெரிவதும், அந்த வேர் பிடிக்கும்படி மண் அணைப்பதும் வேண்டும்.

கடையில் வாங்கிய கலப்பினச் சோளத்தில் விதை எடுத்துப் போட்டேன். அடுத்த முறை செடிகள் ஏன் ஏறுக்குமாறாக வளர்ந்தன?

கலப்பின விதை என்பது இரண்டு தூய வழிகளின் முதற் சந்ததி. ஒவ்வொரு விதையும் பரம்பரையில் ஏறத்தாழ ஒன்றே. அதனால் வரிசை முழுவதும் ஒரே உயரம். அந்தச் செடிகள் தமக்குள் கலந்து தரும் விதையில் எல்லா எதிருருக்களும் (ஒரே பரம்பரையலகின் வெவ்வேறு வடிவங்களும்) பிரிந்து புதிதாகச் சேருகின்றன. நூற்றுக்கணக்கான இடங்களில் இப்படிக் கலைந்து சேர்ந்தால், ஒன்று நெடுக, ஒன்று குறுக வளராமல் என்ன செய்யும்?

இதோடு வீரிய இழப்பும் உண்டு. தூய வழிகள் தாமே குறுகியவை, மெலிந்தவை. அவற்றின் கலப்பினம் இரண்டையும் மிஞ்சி உயரும். அமெரிக்கத் தாவரவியலாளர் ஜோர்ஜ் ஷல் 1908இல் இதை விளக்கமாக எழுதினார். ஒற்றைக் கலப்பினத்தின் அடுத்த தலைமுறையில் இந்தக் கலப்பு வீரியத்தின் அரைப்பங்கு போய்விடும். சராசரி உயரமும் விளைச்சலும் சேர்ந்தே இறங்கும். விதை எடுத்து வைக்க விரும்புபவர்கள் பத்ரா, ருவன் போன்ற திறந்த மகரந்தச் சேர்க்கை வர்க்கங்களை, அதாவது காற்றில் தாமாகக் கலந்து விதை தரும் வர்க்கங்களைப் போடவேண்டும்.

நெருக்கி நட்ட பாத்தியில் செடி உயரமாக இருக்கிறதே, அது நல்லதுதானே?

இல்லை. பச்சை இலையில் பட்டுத் தெறிக்கும் ஒளியில் சிவப்புக் குறைந்து, அதற்கும் அப்பாலான தொலைச்சிவப்புக் கூடியிருக்கும். பக்கத்தில் ஆள் இருக்கிறது என்பதைச் செடி இதைக் கொண்டு அறிந்து, நிழலுக்குத் தப்ப மேலே நீளும். தண்டு மெலியும், பொத்தியும் மேலேறும். விவசாயத் திணைக்களம் சொல்லும் 60க்கு 30 சென்ரிமீற்றர் இடைவெளியில், குழிக்கு ஒரு செடி என்று வைத்தால், ஒரு பரப்பில் (ஏக்கரின் பதினாறில் ஒரு பங்கில்) சுமார் 1400 செடி வரும். சாதாரண வர்க்கங்களுக்கு அதற்குமேல் நெருக்கவேண்டாம்.

உயரம் "நூற்றுக்கு 90 பங்கு பரம்பரை" என்று ஆய்வுகள் சொல்கின்றனவே. அப்படியென்றால் தண்ணீரும் பசளையும் வெறும் 10 பங்குதானா?

அந்த எண்ணை அப்படிப் படிக்கக்கூடாது. பல தூய வழிகளைப் பல இடங்களில், பல முறை நட்டு, சராசரி எடுத்து ஒப்பிட்டால், வழிகளுக்கு இடையேயான வேறுபாட்டில் எவ்வளவு பரம்பரையால் வருகிறது என்பதையே அது சொல்கிறது. பல முறை அளந்து சராசரி எடுக்கும்போது மண்ணின் ஏற்றத்தாழ்வும் இறைப்பின் ஏற்றத்தாழ்வும் ஒன்றையொன்று அழித்துவிடும். உங்கள் தோட்டத்தில் தனி ஒரு செடியை ஒரே ஒரு முறை பார்க்கிறீர்கள். அங்கே பரம்பரையின் பங்கு அதைவிட வெகுவாகக் குறையும். வாய்க்கால் ஓரத்துச் செடி உயர்ந்ததற்கு வாய்க்காலே காரணமாக இருக்கலாம்.

சரி, நானே என் தோட்டத்தில் பொத்தி தாழ்ந்த சோளத்தைத் தெரிந்து வளர்க்கலாமா?

தாராளமாக. மகாஇலுப்பள்ளமையில் உள்ள விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிறுவனம் வேறு மண்ணுக்கும் வேறு காற்றுக்கும் நடுவில் இருந்து வர்க்கங்களைத் தருகிறது. அவற்றை நம் செம்மண்ணுக்கும் சோழகத்துக்கும் பழக்கும் வேலையை இங்குள்ளவர்கள் செய்யலாம். திறந்த மகரந்தச் சேர்க்கை வர்க்கம் ஒன்றை ஒரு பரப்பில் போடுங்கள்.

முதலில் நிலத்தைக் கட்டங்களாகப் பிரியுங்கள். 1400 செடியை 50 செடி கொண்ட 28 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் நாலு செடி மட்டும் தெரிந்தால் 112 தாய்ச் செடி கிடைக்கும். கட்டம் எதற்கு? முழுப் பரப்பையும் ஒன்றாகப் பார்த்தால் பசளை குறைந்த மூலையில் உள்ள குட்டைச் செடிகளையே அள்ளிவிடுவீர்கள். அவை பரம்பரையால் குட்டையானவை அல்ல. ஒரு கட்டத்துக்குள் மண் ஏறத்தாழ ஒன்று. அங்கே தெரியும் வேறுபாட்டில் பரம்பரையின் பங்கு கூடும். 1961இல் கார்ட்னர் என்ற அமெரிக்க இனவிருத்தியாளர் சொன்ன முறை இது. ஓரத்து வரிசைகளையும், பக்கத்தில் செடி செத்து இடைவெளி விழுந்த செடிகளையும் தெரியாதீர்கள். அவற்றுக்கு வெயில் கூடுதல்.

அடுத்தது மகரந்தம். பெரும்பாலானோர் தவறவிடும் இடம் இது. அறுவடை நாளில் நல்ல பொத்தியை மட்டும் தெரிந்தால் தாயைத் தெரிந்துவிட்டீர்கள். தகப்பன் யார் என்பது தெரியாது. எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு: தோட்டத்தின் சராசரிப் பொத்தி உயரம் 110 சென்ரிமீற்றர், நீங்கள் தெரிந்தவற்றின் சராசரி 90. வேறுபாடு 20. பரம்பரையின் பங்கு 0.4 என்று வைத்தால், தாய், தகப்பன் இரண்டையும் தெரிந்திருந்தால் அடுத்த தலைமுறை 8 சென்ரிமீற்றர் இறங்கும். தாயை மட்டும் தெரிந்தால் 4தான். ஆகவே ஆண் பூந்துணர் வெளியே வந்து மகரந்தம் கொட்டத் தொடங்குமுன், பொத்தி மிக மேலே முளைவிட்டிருக்கும் செடிகளின் ஆண் பூந்துணரைப் பிடுங்கிவிடுங்கள். மேலிலைகளைச் சேர்த்து உரித்துவிடாமல் நேராக இழுத்தால் வந்துவிடும். கட்டத்துக்கு மூன்றில் ஒரு பங்கு செடியில் இதைச் செய்தாலே இழந்த நன்மையின் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். ஒரு பரப்புக்கு ஒரு காலைப்பொழுது வேலை. அதைச் சோம்பலால் விடுவது பெரிய நட்டம்.

அளக்கும்போது ஒரே முறையில் அளவுங்கள். மண்மட்டத்திலிருந்து மேற்பொத்தி ஒட்டியிருக்கும் கணுவரை பொத்தி உயரம். மகரந்தம் கொட்டி முடிந்த பிறகு மண்மட்டத்திலிருந்து ஆண் பூந்துணரின் நுனிவரை செடி உயரம். ஒரு தடியில் 10 சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டால் போதும்.

எல்லாவற்றிலும் குட்டையான செடியைத் தெரியவேண்டாம். அது நோய்பட்டதாக இருக்கலாம், அல்லது இலை எண்ணிக்கை குறைந்து முந்திப் பூத்ததாக இருக்கலாம். நடுத்தர உயரம், தாழ்ந்த பொத்தி, பருத்த தண்டு, நுனிவரை மணி பிடித்த பொத்தி: இவை நாலும் சேர்ந்த செடியே வேண்டும். தெரிந்த 112 பொத்திகளிலிருந்தும் சம எண்ணிக்கை மணி எடுத்துக் கலந்து விதையாக்குங்கள். "மிக நல்ல ஐந்து பொத்தி போதும்" என்று ஆசைப்பட்டால் நாலைந்து போகத்தில் உட்கலப்பு (நெருங்கிய உறவுச் செடிகள் தமக்குள் கலப்பது) ஏறி வீரியம் போய்விடும்.

மாட்டுக்குத் தீவனமாகப் போடுபவர்களுக்கும் இதே அறிவுரைதானா?

அவர்களுக்கு உயரம் நல்லது. பச்சைத் தீவனத்துக்கு இலையும் தண்டும் வேண்டும்; பிந்திப் பூக்கும், கணு கூடிய, உயர்ந்த செடியே தெரிவு. பொத்தி பால் பிடிக்கும் பருவத்தோடு வெட்டிவிடுவதால் சாய்வு பெரிய கவலை இல்லை.

பகல் நீளம் உயரத்தைப் பாதிக்கும் என்கிறார்களே?

பாதிக்கும். வெப்பவலயச் சோளத்தை நீண்ட பகலுள்ள நாட்டில் போட்டால் பூப்பது பிந்தி, கணு கூடி, மிதமிஞ்சி உயரும். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணித்தியாலம் அளவே வித்தியாசம். நமக்கு இது பெரிய விடயம் அல்ல.

வெளிநாடுகளில் வரும் புதிய குட்டைச் சோளம் மரபணு மாற்றப்பட்டதா?

இரு வழியிலும் செய்கிறார்கள். ஒன்று, பிரக்கிடிக்-2இன் இயற்கை விகாரத்தைச் சாதாரணக் கலப்பால் கலப்பினங்களுக்குள் கொண்டுவருவது. மற்றது, கிபரெலின் ஆக்கும் ஒரு நொதியத்தின் பரம்பரையலகைத் தண்டில் அடக்கிவைக்கும் மரபணுத் தொழில்நுட்பம். இரண்டின் நோக்கமும் ஒன்றே: இயந்திரம் உள்ளே போய்ப் பசளையிடவும், புயலில் நிற்கவும், இன்னும் நெருக்கி நடவும் கூடிய செடி. நமக்கு முதல் வழியின் பாடம் போதும் என்பது என் கருத்து.

நல்ல வர்க்கம் போட்டும் என் சோளம் முழங்காலுக்கு மேல் எழும்பவில்லை. விதையா பிழை?

விதையைக் குறை சொல்லுமுன் மண்ணையும் கிணற்றையும் பாருங்கள். நம் செம்மண்ணுக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். சுண்ணாம்பு கூடிய மண்ணில் நாகச்சத்து, அதாவது துத்தநாகம், வேருக்கு எட்டாமற் போகலாம். அது குறைந்தால் கணுவிடை குறுகி, இளம் இலைகளின் அடிப்பகுதியில் நடுநரம்பின் இருபுறமும் வெளிறிய பட்டை விழும். குள்ள விகாரத்தில் இப்படி வெளிறாது. இலை கரும்பச்சையாகவும் அகலமாகவும் இருக்கும். இந்த ஒரு அடையாளமே இரண்டையும் பிரித்துவிடும். தீவகத்திலும் கரையோரத்திலும் கோடையில் கிணற்று நீர் உவர்க்கும்; சோளம் உவரை அதிகம் தாங்காது. தோட்டம் முழுவதும் குட்டையாக இருந்தால் மண்ணோ நீரோ காரணம். நல்ல செடிகளின் நடுவே ஒன்றிரண்டு மட்டும், கரும்பச்சையாகக் குள்ளமாக நின்றால் பரம்பரையைச் சந்தேகிக்கலாம்.

அயல் தோட்டத்திலும் சோளம் நிற்கிறது. என் தெரிவு கெட்டுப்போகாதா?

கெடும். சோள மகரந்தம் காற்றில் போகும். விதைத் தோட்டத்துக்கு 200 மீற்றர் தூரம் விடுவது வழக்கம். நாலு பரப்பு, ஐந்து பரப்பாகத் துண்டுபட்ட நம் காணிகளில் அந்தத் தூரம் கிடைப்பது கடினம். ஆகவே காலத்தால் பிரியுங்கள். அயலவரின் சோளமும் உங்களுடையதும் பூக்கும் காலத்துக்கு இடையில் மூன்று நாலு கிழமை இருக்கும்படி விதையுங்கள். அதுவும் முடியாவிட்டால் காற்று வரும் பக்கத்து ஏழெட்டு வரிசைகளை உணவுக்கு விட்டுவிட்டு, மறுபக்கத்திலிருந்து மட்டும் விதை எடுங்கள். காற்று வரும் பக்கம் என்பது சிறுபோகத்தில் தென்மேற்கு, மாரியில் வடகிழக்கு. இன்னும் நல்ல வழி, அயலவரோடு பேசி இருவரும் ஒரே வர்க்கத்தைப் போட்டு, இரண்டு தோட்டத்திலும் சேர்ந்தே தெரிவு செய்வது. செடி எண்ணிக்கை இரட்டிப்பதால் தெரிவும் கூர்மையாகும், உட்கலப்பும் குறையும்.